மருந்தில்லாப் பேறு யாருடைய தெரிவு?

கேள்வி

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரைக் கலை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவராலயம் அங்கேதான் இருக்கிறது. (தென்பெண்ணைக் கரையில் இதே பெயரில் இன்னோர் ஊர் உண்டு, இது அதுவன்று.) இக்கட்டுரைக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு பெண்ணுக்கு இடுப்பு நோவு கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ போவாள். சிக்கல் என்றால் 108 வண்டி முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரிக்கோ கொண்டுபோகும். “வலி மருந்து வேண்டாம், இயற்கையாகவே பெற்றுக்கொள்கிறேன்” என்று சொல்லவேண்டிய தேவை அவளுக்கு வராது. வலியைக் குறைக்கும் மருந்தை அவளிடம் யாரும் நீட்டப்போவதில்லை.

சென்னை, கோவை நடுத்தர வர்க்கத்தாரிடையே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இயற்கைப் பிரசவம் ஒரு தெரிவாகவும், சிலரிடம் கொள்கையாகவும் வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றிய பேச்சில் இரண்டு தரப்பே கேட்கிறது: உடலின் ஞானத்தை நம்பு என்பவர்கள் ஒருபுறம், உயிரோடு விளையாடாதே என்பவர்கள் மறுபுறம். இரு தரப்பும் எடுத்துக்கொள்வது நகரத்துத் தனியார் மருத்துவமனையைத்தான். கேட்டால் வலி குறைக்கும் முதுகுத்தண்டு ஊசி கிடைக்கும், பணம் இருந்தால் மறுக்கவும் முடியும் என்ற இடம் அது. மாற்றே இல்லாத இடத்தில் ‘தெரிவு’ என்பதற்கு என்ன பொருள் என்பதை இரு தரப்பும் கேட்டதில்லை. இக்கட்டுரை அதைக் கேட்கிறது.

மேற்கில் எழுந்த வாதம்

1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பேறுகால வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். 1853இல் விக்டோரியா அரசி தம் எட்டாவது பிள்ளையை அதன் துணையோடு பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மார்ஃபினையும் ஸ்கோபலமினையும் சேர்த்துக் கொடுக்கும் அரைமயக்க முறை புகழ்பெற்றது. அமெரிக்கப் பெண்ணுரிமையாளர்கள் 1914இல் சங்கம் வைத்து அதைத் தங்கள் உரிமையாகக் கேட்டார்கள். ஆனால் அந்தக் கலவை வலியைவிட நினைவைத்தான் அதிகமாக அழித்தது. கட்டிலில் கட்டுண்டு கதறிய பெண், விழித்தபோது பெற்றதே தெரியாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

இதற்கு எதிர்வினையாகத்தான் இயற்கைப் பிரசவ இயக்கம் பிறந்தது. ஆங்கில மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் நூல் எழுதினார்: அச்சம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியாகிறது, அச்சம் போனால் வலியும் குறையும். 1951இல் சோவியத் மருத்துவமனைகளைப் பார்த்துத் திரும்பிய ஃபெர்னாண்ட் லமாஸ் மூச்சுப் பயிற்சி முறையைப் பாரிஸில் பரப்பினார். 1970களில் டென்னசியில் ஐனா மே காஸ்கின் மருத்துவமனைக்கு வெளியே பேறு பார்த்துப் புகழ்பெற்றார். இவர்கள் ஒருவரோடொருவர் பல விஷயங்களில் மாறுபட்டாலும், எதிர்த்தது ஒன்றையே. பெண்ணைத் தன் பேற்றிலேயே இல்லாதவளாக்கிய மயக்க மருந்தை.

டிக்-ரீடின் நூலில் ஒரு பழுது உண்டு. அதை இயக்கத்தார் பெரிதாகப் பேசுவதில்லை. நாகரிகம் தீண்டாத ‘ஆதிப் பெண்’ வலியின்றி, வயல்வேலைக்கு நடுவே பெற்றுவிட்டு மீண்டும் வேலைக்குப் போவாள் என்று அவர் நம்பினார். அந்தப் பெண்ணை அவர் ஆராய்ந்து கண்டடைந்ததில்லை. ஐரோப்பியப் பெண்ணுக்கு மாதிரி காட்ட ஒரு காலனிநாட்டுப் பெண் தேவைப்பட்டாள், கற்பனை செய்துகொண்டார். இன்று தமிழில் “நம் பாட்டிகள் களத்துமேட்டில் பெற்றார்கள்” என்று பேசுகிறவர்கள், தாங்கள் எடுத்தாள்வது ஓர் ஆங்கிலேயரின் கற்பனை என்பதை அறிவார்களா என்று தெரியவில்லை.

திண்டிவனத்து இரவும் மருத்துவச்சியும்

அந்தக் கற்பனைக்கு எதிர்ச்சான்று செஞ்சிக்குக் கிழக்கே அடுத்த ஊரிலேயே இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று கணவர்கள் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர். மூவர் மனைவிக்கும் பேறு சிக்கியிருந்தது. ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. வீட்டிலிருந்த மகள் ஐடாவோ மருத்துவம் படித்தவரல்லர். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடா ஸ்கடர் 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து ஒரு படுக்கையோடு தொடங்கியதே பின்னாளைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி.

இக்கதையை அப்படியே விழுங்கவும் கூடாது. மிஷன் வட்டாரங்களில் நிதி திரட்டத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை இது. ‘இந்து வழக்கமும் பர்தாவும் கொன்றன, மிஷன் காத்தது’ என்ற சட்டகத்துக்குள் அது அமைந்துவிடுகிறது. அன்றிரவு அந்த மூன்று வீடுகளிலும் இருந்திருக்கக்கூடிய மருத்துவச்சிகளைப் பற்றிக் கதையில் ஒரு சொல் இல்லை. ஆயினும் மையமான உண்மை அசையாது. குறுக்கே கிடக்கும் பிள்ளையையும், அடங்காத உதிரப்போக்கையும், வலிப்பையும் எந்த மரபும் தனியாக வென்றதில்லை.

அந்த மருத்துவச்சி யார்? வட தமிழகத்துக் கிராமங்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். ஊருக்கெல்லாம் கணவன் முடி திருத்த, மனைவி பேறு பார்த்தாள். தொப்புள்கொடி அறுப்பதும் தீட்டுத்துணி தொடுவதும் ‘மேல்’ சாதிப் பெண்களுக்கு ஆகாத வேலை என்பதால் அது அவள் தலையில் விழுந்தது. கூலி நெல்லாகவும் பழம்புடவையாகவும் வந்தது. அவளுடைய அறிவு சாதாரணமானதல்ல. சீரகக் கஷாயம் கொடுத்துப் பொய்வலியா மெய்வலியா என்று பார்த்தாள். விளக்கெண்ணெய் கொடுத்து வலியைத் தூண்டினாள். உட்காரவும் நடக்கவும் எதையாவது பிடித்துத் தொங்கவும் விட்டாள். பெற்றபின் சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் சேர்ந்த காயம் கிண்டிக் கொடுத்தாள். ஆக, தமிழகத்தில் மருந்தில்லாப் பேறு என்று ஒன்று இருந்ததே இல்லை. இருந்தது வேறு மருந்து, வேறு கை.

அந்தக் கையை அரசு மெல்ல விலக்கியது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் பதிவு பெற்ற மருத்துவச்சியைத் தனியே பிரித்துக் காட்டியது. பின்னர் பாரம்பரிய மருத்துவச்சிகளுக்குக் குறுகிய பயிற்சியும் கிருமி நீக்கிய பைகளும் தரப்பட்டன. பிறகு அதுவும் நின்றது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் முதல் சுற்றில், 1992-93இல், தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேறு வீட்டில் நடந்தது. 2019-21இன் ஐந்தாம் சுற்றில் மருத்துவமனைப் பேறு 99.6 விழுக்காடு. ஒரே தலைமுறைக்குள் மருத்துவச்சி தொழில் முடிந்துபோனது. பெண்கள் பிழைத்தார்கள் என்பதால் இதில் வருந்த ஒன்றுமில்லை என்பார்கள். பிழைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அவள் விட்டுச் சென்ற இடத்தில் யார் வந்து அமர்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

வலியைக் கூட்டும் மருந்து

இதைப் பார்த்து எழுதியவர் மானிடவியலர் சிசிலியா வான் ஹோலன். 1995இல் சென்னையிலும் அதன் புறத்திலும் ஏழைப் பெண்களிடையே கள ஆய்வு செய்து, அதை 2003இல் நூலாக்கினார். மேற்கத்திய வாசகர் எதிர்பார்க்கும் கதை அதில் இல்லை. அங்கே பெண்கள் மயக்க மருந்துக்கு எதிராகவோ ஆதரவாகவோ போராடவில்லை. அது அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்தது ‘வலி ஊசி’. குளுக்கோஸ் பாட்டிலில் ஆக்ஸிடோசின் கலந்து ஏற்றி வலியைக் கூட்டுவது அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. அதைப் பெண்களே கேட்டு வாங்கினார்கள் என்பதும் அவர் கண்டது. வலி கூடினால் சக்தி கூடும், சக்தி கூடினால் பிள்ளை சீக்கிரம் பிறக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இதற்கு இரண்டு விளக்கங்கள் தரலாம். வலியைத் தாங்குவதில் பெண்ணின் ஆற்றலைக் காணும் பழைய பண்பாடு புது மருந்தைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது என்பது ஒன்று. வான் ஹோலன் இதற்கு இடம் கொடுக்கிறார். கட்டில் குறைவு, கூட்டம் அதிகம், சீக்கிரம் பெற்று எழுந்தால்தான் அடுத்தவளுக்கு இடம் என்ற நிர்வாகத் தேவை என்பது மற்றொன்று. என் பார்வையில் இரண்டாவதற்கே எடை கூட. கட்டில் கணக்கு இல்லாவிட்டால் பண்பாட்டு விளக்கம் அவ்வளவு வசதியாகப் பொருந்தியிராது. “எங்கள் பெண்கள் வலி தாங்குவார்கள்” என்ற பாராட்டு, வலி மருந்து வாங்கித் தராத துறைக்கு மிகவும் வசதியானது.

ஆக்ஸிடோசின் கெட்ட மருந்தன்று. வின்சென்ட் டு விக்னோ 1953இல் அதைச் செயற்கையாக ஆக்கி 1955இல் நோபல் பரிசு பெற்றார். தேவை கண்டு, அளவு பார்த்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றினால் தேங்கிப்போன பேற்றை அது நகர்த்தும். கண்மூடித்தனமாக ஏற்றினால் கருப்பை இடைவிடாமல் இறுகி, பிள்ளைக்கு மூச்சு முட்டும். சில சமயம் கருப்பையே கிழியும். கறவை மாட்டுக்குப் பால் சுரக்கப் போடும் ஊசியும் இதுதான். அதைக் காரணம் காட்டித் தனியார் உற்பத்திக்கு ஒன்றிய அரசு 2018இல் தடை போட, டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தடையை ரத்து செய்தது.

பேற்றை விரைவுபடுத்தும் இந்த அவசரத்துக்கு ஓர் அறிவியல் முகமும் இருந்தது. 1950களில் நியூயார்க்கின் இமானுவேல் ஃப்ரீட்மன் வரைந்த வளைவிலிருந்து, கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது விரிய வேண்டும் என்ற விதி உலகெங்கும் பிரசவ அறைச் சுவர்களில் ஏறியது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதைக் கைவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் வரை பேறு மெதுவாகவே நகரலாம், தாயும் சேயும் நலமாக இருந்தால் வேகத்தை மட்டும் காரணமாக்கித் தலையிட வேண்டாம் என்றது. மருத்துவச்சி நெடுங்காலமாகச் செய்த காரியம் அது: காத்திருத்தல்.

வான் ஹோலன் நூலின் இன்னொரு செய்தி இன்று அதிகம் நினைக்கப்படுவதில்லை. அரசு மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே பெற்ற பெண்களில் சிலர், பேறு முடிந்ததும் கேட்காமலே காப்பர்-டி வைத்துவிடுவார்கள் என்று அஞ்சியே போகவில்லை. திட்டும் அடியும் கையூட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. அவர்கள் தப்பிக்க நினைத்தது மருந்திலிருந்து அல்ல, அவமதிப்பிலிருந்து.

மரபின் பெயரால்

2018 ஜூலையில் திருப்பூரில் இளம்பெண் ஒருவர், இணையக் காணொளிகளைத் துணையாகக் கொண்டு வீட்டில் நடந்த பேற்றில் குழந்தையைப் பெற்று, உதிரப்போக்கில் இறந்தார். படித்தவர், ஆசிரியை. அடுத்த மாதமே வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் அறிவித்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார். அரசு எச்சரித்தது, தொலைக்காட்சிகள் விவாதித்தன, வழக்கம்போல் ஓய்ந்தன.

அந்த மரணத்தில் மருத்துவம் தெளிவானது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. நஞ்சு கழன்றதும் கருப்பை கெட்டியாகச் சுருங்கினால்தான் அந்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காவிட்டால் சில நிமிடங்கள் போதும். இதைத் தடுக்கப் பிள்ளை பிறந்தவுடன் தொடையில் போடும் பத்து யூனிட் ஆக்ஸிடோசின், ஒரு சிறு ஊசி. வலி கூட்ட அளவின்றி ஏற்றியபோது தீங்கான அதே மருந்து இங்கே உயிர் காக்கிறது. ஐந்தாம் சுற்றுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த உடலுக்குச் சிறிய இழப்பும் பெரிது. எதை மறுத்தாலும் இந்த ஊசியை மறுக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் ‘அறியாமை’ என்று சொல்லிக் கடந்துவிடுவதும் தவறு. இயற்கை வேளாண்மை, மரபு உணவு, மருந்து எதிர்ப்பு ஆகியவை கலந்த ஒரு சூழல் அப்போது உருவாகியிருந்தது. மருத்துவமனை காசு பறிக்கும், கத்தி வைக்கும் என்ற ஐயத்தை அது உணவாகக் கொண்டது. அந்த மரபுப் பேச்சில் பாட்டி இருந்தாள், அம்மிக்கல் இருந்தது. நாவிதர் வீட்டு மருத்துவச்சி மட்டும் இல்லை. பேறு பார்ப்பது பலநூறு பேற்றை அருகிருந்து பார்த்துக் கற்ற தொழில் என்பதை மறந்துவிட்டு, கணவனும் கைப்பேசியும் போதும் என்று எண்ணியது மரபு ஆகாது. மரபைக் காப்பதாகச் சொன்னவர்கள் மரபில் தேர்ச்சி பெற்றவளைச் சாதியோடு சேர்த்து வெளியே நிறுத்திவிட்டார்கள்.

கத்தி மீதான ஐயம்

அந்த ஐயத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. குடும்பநலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில் தமிழ்நாட்டில் 34.1 விழுக்காடாக இருந்த அறுவைப் பேறு ஐந்தாம் சுற்றில் 44.9 ஆனது. தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாட்டின் சராசரி 21.5. மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் தாய்சேய் இறப்பு அதற்கேற்பக் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது.

தனியாரின் கணக்கைப் பணத்தால் விளக்கலாம். அரசின் 36ஐ? முதல் பிள்ளை ‘பெரிய ஆபரேஷன்’ என்றால் இரண்டாவதும் அப்படியே முடிகிறது. கூடவே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுகிறார்கள். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்களும் உண்டு. இவற்றோடு, பழிக்கு அஞ்சுவதையும் சேர்க்க வேண்டும். தாய் மரணம் ஒவ்வொன்றையும் விசாரணைக்கு உட்படுத்தும் தமிழ்நாட்டு முறை நாட்டுக்கே முன்மாதிரி. 2018-20இல் இலட்சம் பிறப்புக்கு 54 தாய் மரணம் என்ற நிலைக்கு மாநிலம் வந்ததில் (இந்தியா 97) அதற்குப் பங்கு உண்டு. அதே முறை, காத்திருந்து கெட்டால் கேள்வி, கீறிவிட்டால் கேள்வியில்லை என்ற பாடத்தையும் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அடுத்தடுத்த கருவில் நஞ்சு பழைய தழும்பில் வேரோடும் ஆபத்து உண்டு. அது அந்த விசாரணைக் கோப்புகளில் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

சான்றுகள் எதற்குத் துணை

இயற்கைப் பிரசவ இயக்கத்தின் கோரிக்கைகளை மொத்தமாக ஏற்கவோ தள்ளவோ வேண்டியதில்லை, பிரித்துப் பார்க்கலாம். பேறு முழுவதும் ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, அறுவை குறைகிறது, வலி மருந்தின் தேவையும் குறைகிறது. 26 ஆய்வுகளில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சொல்வது இது. நடக்கலாம், உட்காரலாம், மல்லாந்தே கிடக்கவேண்டியதில்லை. எல்லாருக்கும் வெட்டித் தையல் போடுவது தேவையில்லை. இவற்றையும் சான்றுகள் ஆதரிக்கின்றன.

முதுகுத்தண்டு ஊசி போட்டால் கடைசியில் கத்திதான் என்ற வாதத்தைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. 2018இன் காக்ரேன் மதிப்பாய்வு, அதனால் அறுவைப் பேறு கூடவில்லை என்கிறது. ஆயுதம் வைத்து எடுக்கும் பேறு கூடியது பழைய ஆய்வுகளில்தான். கேட்கும் பெண்ணுக்கு அதைத் தரலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

இயற்கை என்பது கொள்கையாக இறுகினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். மோர்கம் பே மருத்துவமனைகளில் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு அறிக்கை, மருத்துவச்சியர் சிலர் எப்பாடுபட்டாவது இயல்பான பேறு என்று நின்றதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2017இல் அந்நாட்டு மருத்துவச்சியர் கல்லூரி தன் ‘இயல்பான பேறு’ பிரசாரத்தை நிறுத்தியது. அவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் என்பதையும், பக்கத்திலேயே அறுவை அரங்கு இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

பிரசவ அறையில் வேண்டியவை

இனித் தளவானூர்ப் பெண்ணுக்கு வருவோம். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அவளுக்கு 18,000 ரூபாய் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் செவிலியர் உண்டு. பேற்றின்போது துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு 2004 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. இவை சிறிய சாதனைகளல்ல. வட மாநிலப் பெண்கள் பலருக்கு இவை இன்னும் எட்டாதவை. எனினும் வலியைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை. மருந்தில்லாமல் பெறுவது அவளுடைய தெரிவாகவேண்டுமானால், முதலில் மருந்து அவள் கைக்கு எட்டவேண்டும். மாவட்ட மருத்துவமனையிலும் சீமாங் எனப்படும் அவசரகால மகப்பேறு மையங்களிலும் மயக்கவியல் மருத்துவர் அறுவைக்கு மட்டும் என்றில்லாமல் பேற்று வலிக்கும் இருக்கவேண்டும். அதுவரை அங்கு நடக்கும் சுகப்பிரசவத்தை இயற்கை வழியின் வெற்றி என்று யாரும் கொண்டாடக் கூடாது.

ஒன்றிய அரசு 2018 டிசம்பரில் மருத்துவச்சிப் பணிக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி தந்து, சிக்கலில்லாப் பேற்றை அவர்களே பொறுப்பேற்றுப் பார்க்கும் அலகுகளை அமைக்கச் சொல்கிறது அது. காத்திருக்கத் தெரிந்த கையும், ஆபத்தை முன்பே காணும் கண்ணும், அழைத்தால் வரும் வண்டியும் ஒரே இடத்தில் சேர அதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லை. தெலங்கானா அப்பயிற்சியில் முந்திக்கொண்டது. தமிழ்நாடு அதைப் பெருமருத்துவமனைகளில் தொடங்கிப் பெருமருத்துவமனைகளிலேயே முடித்துவிடக் கூடாது. பயிற்சி பெற்று வரும் செவிலியரை முதலில் செஞ்சி, மேல்மலையனூர் போன்ற வட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும்.